கிளிஞ்சல் சுவரும் கம்பிக் கூரையும்

சூளூர்பேட்டையிலிருந்து வரும் மின்ரயிலை எளாவூரில் பிடித்தால் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிக் கொருக்குப்பேட்டைக்கு வந்துவிடலாம். பழவேற்காடு ஏரியை ஒட்டிய கிராமங்களில் வளர்ந்து, படித்து, பட்டணத்தில் வேலைக்கு அமர்ந்த பிள்ளைகள் சொந்த வீடு தேடத் தொடங்கினால் அந்தத் தண்டவாளத்தின் இருபுறமும்தான் முதலில் பார்ப்பார்கள். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை ஆகிய பகுதிகள் அவை. ராயபுரம் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றிய தெருக்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு வயது உண்டு. அரைக் கிரவுண்டுக்கும் குறைந்த மனை, தெருவை முட்டி நிற்கும் வாசல், இருபுறமும் அடுத்த வீட்டின் சுவர், நடுவே சின்ன முற்றம். பள்ளிக்கூடம், சந்தை, மருத்துவமனை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டைக் காட்டும்போது தரகர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "கட்டடத்தைக் கணக்குல எடுக்காதீங்க சார், மனைக்குத்தான் வெல." பல வீடுகளில் இது உண்மைதான். ஆனால் எந்த வீட்டில் உண்மை, எந்த வீட்டில் பொய் என்பதை வீட்டின் வயதை வைத்துச் சொல்ல முடியாது. எண்பது வயதான வீடு ஒன்று இன்னும் இரண்டு தலைமுறை தாங்கும். அதே தெருவில் 1985-ல் கட்டிய வீட்டின் கூரைக்குக் கீழே தொட்டில் கட்டவே பயப்பட வேண்டியிருக்கும். இதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. வீடு வாங்கப் போகிறவர் பத்திரத்தைப் படிக்கும் அதே அக்கறையோடு இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பழைய வீடுகளின் சுவரைக் கட்டியது சுண்ணாம்பு. சென்னைக்கு அந்தச் சுண்ணாம்பைத் தந்ததில் பழவேற்காடு ஏரிக்குப் பெரிய பங்குண்டு. ஏரியின் அடியில் படிந்து கிடக்கும் பழங்காலக் கிளிஞ்சல்களை அள்ளிச் சூளையில் சுட்டார்கள். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஓடத் தொடங்கிய கால்வாய் பிறகு ஏரி வரைக்கும் நீண்டது, 1878-ல் பக்கிங்ஹாம் என்ற பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகேறி அந்த வழியாகத்தான் பட்டணத்துக்கு வந்தன. எளாவூர், சுண்ணாம்புகுளம் பக்கத்திலிருந்து பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு பார்க்கப் போகிறவர் தடவிப் பார்க்கும் சுவரில் தன் ஏரியின் கிளிஞ்சல் கலந்திருக்கலாம்.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறி, கால்சியம் ஆக்ஸைடு மிஞ்சும். தண்ணீர் ஊற்றி நீற்றினால் அது கொதித்து உடைந்து கால்சியம் ஹைட்ராக்ஸைடாக மாறும். மணலோடு அரைத்துச் சுவரில் வைக்கிற காரை இதுதான். சுவரில் ஏறிய பிறகு, சூளையில் இழந்த கரியமில வாயுவை இந்தக் காரை காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மாதங்கள், ஆண்டுகள் போகப் போக மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகவே இறுகிவிடுகிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து, காரையின் பதத்தையும் ஒட்டும் தன்மையையும் கூட்டினார்கள். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கைப் போல மின்னுகிறது என்று அக்காலத்து ஐரோப்பியப் பயணிகள் வியந்தது இந்தக் கிளிஞ்சல் பூச்சைப் பார்த்துத்தான். ஆக, சுண்ணாம்புச் சுவரைக் காற்று கெட்டிப்படுத்துகிறது. அதற்கு வயது கூடுவது நல்லது.

காங்கிரீட் கூரையில் இதே வினை நேர் எதிரான வேலையைச் செய்கிறது. சிமென்ட் கெட்டியாகும்போது உள்ளே நிறையச் சுண்ணாம்பு உண்டாகும். அதனால் காங்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது. புதிய காங்கிரீட்டின் கார அளவு 12.5-க்கும் 13-க்கும் இடையில் இருக்கும். அவ்வளவு காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்ஸைடுப் படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்க இறங்க, சுண்ணாம்பு கார்பனேட்டாக மாறி, கார அளவு 9-க்குக் கீழே போகிறது. அந்த எல்லை கம்பியைத் தொட்ட நாளில் படலம் அழிகிறது. பிறகு ஈரமும் ஆக்ஸிஜனும் கிடைத்தால் போதும், துரு தொடங்கிவிடும். சுவரை வளர்க்கும் அதே வாயு கூரைக் கம்பியின் பாதுகாப்பைக் கழற்றுகிறது.

இந்த எல்லை ஒரே வேகத்தில் நகர்வதில்லை. அதன் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முதல் 20 ஆண்டில் 10 மில்லிமீட்டர் போயிருந்தால், 15 மில்லிமீட்டரைத் தொட மொத்தம் 45 ஆண்டு ஆகும். 1978-ம் ஆண்டின் இந்தியத் தர விதி, தளத்துக் கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் காங்கிரீட் மறைப்பு இருந்தால் போதும் என்றது. கம்பியைச் சாரத்தின் பலகைமேல் அப்படியே கிடத்திக் கொட்டிய வீடுகளில் அதுவும் இருக்காது. 2000-ல் திருத்திய விதி, கடற்காற்றுக்கு நேராக நிற்கும் காங்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் வட சென்னையின் 1970, 80-களின் கூரைகள் பல நிற்கின்றன.

கடலோரத்தில் இன்னொரு பகை உப்பு. குளோரைடு போதுமான அளவில் கம்பியைத் தொட்டுவிட்டால், காரம் குறையாமல் இருந்தாலும் படலத்தை அங்கங்கே ஓட்டை போட்டுவிடும். வெளியிலிருந்து கடற்காற்றோடு வரும் உப்பைவிட, கட்டும்போதே கலவைத் தண்ணீரோடு சேர்ந்துவிட்ட உப்புதான் மோசம். ஏனென்றால் அது முதல் நாளே கம்பியைச் சுற்றி இருக்கிறது. எளாவூருக்கும் சென்னைக்கும் நடுவிலுள்ள மீஞ்சூரில் 1960-களின் இறுதியிலேயே நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஏறியது கண்டறியப்பட்டது. அந்த ஆபத்து கரையோரம் நெடுகவும் உண்டு. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது விதி. கம்பி இல்லாத காங்கிரீட்டுக்கு 2,000 வரை அனுமதி. உப்பு உண்மையில் யாருக்கு எதிரி என்பதை இந்த நாலு மடங்கு வித்தியாசமே காட்டுகிறது.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது நான் சொல்லும் முதல் வேலை, வீட்டுக் கிணற்று நீரையோ போர்த் தண்ணீரையோ ஒரு பாட்டிலில் பிடித்து வந்து குளோரைடு அளவைச் சோதனைக்குக் கொடுப்பது. செலவு மிகக் குறைவு. கூரை எந்தத் தண்ணீரில் குழைக்கப்பட்டிருக்கக்கூடும், இன்று சுவர் எந்தத் தண்ணீரை உறிஞ்சுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் அதிலிருந்து துப்புக் கிடைக்கும்.

அடுத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். தளத்தின் அடிப்பக்கத்தில் நேர்கோடாக, ஒரே இடைவெளி விட்டு ஓடும் மெல்லிய விரிசல்கள் இருந்தால் அவை கம்பியின் பாதையைக் காட்டுகின்றன. துரு, இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த வீக்கத்தில்தான் காங்கிரீட் பிளந்து, பழுப்புக் கறை கசிந்து, கடைசியில் சில்லுச் சில்லாய்க் கொட்டுகிறது. ஒரு மூங்கில் கழியால் கூரையை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனால், ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாக ஒலிக்கும். உள்ளே விட்டுப்போன இடம் பொள்ளலாகக் கேட்கும். குளியலறைக்கு மேல், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ், சன்ஷேடின் அடிப்பக்கம் ஆகிய மூன்றையும் விட்டுவிடக் கூடாது. கீழே பொய்க்கூரை அடித்திருந்தால் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். கழற்ற முடியாது என்று சொன்னால் அதுவே ஒரு தகவல்.

வீடு பிடித்துவிட்டது, முன்பணம் கொடுக்கலாமா என்ற கட்டத்தில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து மூன்று சோதனைகள் செய்யலாம். தளத்தில் சிறு துளை போட்டு அந்தப் புதுத் துளையின் சுவரில் பினாஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத ஆழம் வரைக்கும் கார்பனேட் ஏறிவிட்டது என்று பொருள். ஆனால் இது உப்பைக் காட்டாது. துளையிட்ட தூளைத் தனியாகக் குளோரைடுக்குச் சோதிக்க வேண்டும். இளஞ்சிவப்பைப் பார்த்து நிம்மதி அடைந்து உப்பை மறந்தவர்கள் நிறைய. மூன்றாவது, கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பது. செப்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே இறங்கினால், அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. காங்கிரீட்டுக்குள் இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றிக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் நீண்ட காலமாக ஆராய்ச்சி நடக்கிறது. நம் ஊர் உப்பும் வெயிலும் தெரிந்த அறிவு நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

இனி சுவர். பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு அடியில் ஓதத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் அந்த ஈரத்தை மறுபக்கம் வெளியே விட்டுவிடுவதால், அது முழங்கால் உயரத்துக்கு மேல் அதிகம் போகாது. சுவர் மூச்சு விட்டுக்கொண்டே வாழும். சிக்கல் எப்போது தொடங்குகிறதென்றால், "காரை கொட்டுதுங்க, சிமென்ட் பூசிடலாம்" என்று மேஸ்திரி சொல்லும் நாளில். சிமென்ட் பூச்சு ஈரத்தை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் வெளியேற வழி தேடி மேலே மேலே ஏறும். இரண்டு வருடத்தில் இடுப்பளவு, பிறகு தோளளவு. அதன்மேல் எமல்ஷன் பெயின்ட், அதற்கும் மேலே டைல்ஸ் என்று ஒவ்வொரு முறையும் இன்னும் இறுக்கமாக மூடுகிறார்கள். செலவழித்தே வீட்டைக் கெடுக்கும் இந்த வேலையை நான் பார்க்கும் ஒவ்வொரு தெருவிலும் பார்க்கிறேன். பழைய வீடுகளை வயது கொன்றதைவிட இந்தப் பூச்சு கொன்றது அதிகம் என்பது என் கருத்து.

ஏறும் தண்ணீரோடு உப்பும் ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகிறது. சுவரின் மேற்பரப்பில் படிகமானால் வெள்ளையாகப் பூக்கும், துடைத்துவிடலாம். பூச்சுக்குப் பின்னால் அடைபட்டுப் படிகமானால், நுண்துளைகளுக்குள் வளரும் படிகங்களின் அழுத்தத்தில் செங்கல்லே பொரிந்து தூளாகும். சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே நீரை இழுத்துக் கரையும். குறைந்தால் மறுபடியும் படிகமாகும். நம் கடலோரத்தில் ஈரப்பதம் பல நாட்களில் இரவில் அந்தக் கோட்டைத் தாண்டிப் பகலில் கீழே இறங்குகிறது. ஆகவே சுவருக்குள் இருக்கும் உப்பு நாள்தோறும் கரைந்து நாள்தோறும் முளைக்கிறது. ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியற்காலையில் உப்பு ஜாடி நசநசவென்றிருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள். எந்தக் குழாயும் ஒழுகாமலே காலையில் மட்டும் சுவர் ஈரமாக இருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். அதனால் வீட்டை ஒருமுறையாவது காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். பத்து மணி வெயிலில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான்.

விற்பதற்குச் சற்று முன்பு தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், கட்டில், பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலும் அடித்திருக்க மாட்டார்கள்.

காங்கிரீட்டுக்கு முந்திய வீடாக இருந்தால் மேலே மெட்ராஸ் டெரஸ் இருக்கும். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பதித்து, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், சாய்கோணத்தில் சுண்ணாம்புக் காரையால் ஒட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாட்கணக்கில் கட்டையால் அடித்து, கடைசியில் தட்டோடு பதித்த கூரை அது. கம்பி இல்லை. எனவே நாம் இவ்வளவு நேரம் பேசிய துருவும் இல்லை. கனமான தளம் என்பதால் பகல் வெயில் உள்ளே இறங்கவும் பல மணி நேரம் எடுக்கும். இதன் பலவீனம் ஒரே இடத்தில்தான்: சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் நுனி. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால், அந்த நுனி நனைந்து நனைந்து மக்கும். கரையானும் அங்கேதான் முதலில் வரும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் கட்டை சுவரில் நுழையும் இடத்தைக் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் முனை இறங்காது. ஒன்றிரண்டு கட்டை போயிருந்தால் மாற்றலாம், கூரை முழுவதையும் இடிக்கத் தேவையில்லை. சேப்பாக்கத்தில் 2012 தீவிபத்தில் சிதைந்த கல்சா மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டது. அரண்மனைக்குச் செய்தது இரண்டு அறை வீட்டுக்கும் செய்யக்கூடியதே.

விரிசல்களைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் கிடையாக ஓடுவது, பெரும்பாலும் வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போலச் சாய்வாக இறங்குவது அஸ்திவாரம் ஒரு பக்கம் அமுங்கியதற்கான அடையாளம். அது பழையதா, இன்னும் நடக்கிறதா என்பதே கேள்வி. விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதிவிட்டால், சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பேரம் இரண்டு மாதம் இழுத்தால், அந்த இரண்டு மாதத்துக்கும் இப்படி ஒரு வேலை கொடுக்கலாம். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு ஆழமாகத் தோண்டுகிறார்களா என்றும் பாருங்கள். பொதுச்சுவர் உள்ள தெருக்களில் நம் அஸ்திவாரத்தை அசைப்பது பல நேரம் அடுத்த வீட்டுக் கடப்பாரை.

சின்ன வீட்டில் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியும், ஒன்றைத் தவிர: தெருவின் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றி, சென்னைத் தெருக்கள் பல வீடுகளின் வாசற்படியை விழுங்கிவிட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவிட்டது. அதற்குள் ஏறியது ஏறியதுதான். திண்ணைக்கு எத்தனை படி ஏறுகிறோம், உள்தரை தெருவைவிட மேலேயா கீழேயா என்று ஒரு தண்ணீர்க் குழாய் மட்டத்தை வைத்து அளந்துவிடலாம். எதிர்வீட்டு அம்மாவிடம், "2015 மழையில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சும்மா? 2023 டிசம்பர்ல?" என்று கேட்டால், சுவரில் கையை வைத்தே காட்டுவார். எந்த வெள்ள வரைபடத்தையும்விட அந்தக் கைக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். தரை கீழே போயிருந்தால் அதை உயர்த்தலாம். அப்போது கதவு, ஜன்னல் எல்லாம் குள்ளமாகும், கழிவுநீர்க் குழாயின் சரிவும் மாறும். சுண்ணாம்புச் சுவரில் புதைந்துபோகும் பகுதிக்குள் ஈரம் இன்னும் மேலே ஏறும். அந்தக் கணக்கையும் விலையில் சேர்க்க வேண்டும்.

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அனுபவத்தில் உள்ள அளவும் பத்திர அளவும் ஒத்துப்போகிறதா என்பதை எல்லாம் ஒரு வழக்கறிஞரே பார்க்க வேண்டும்.

பேரத்துக்கு உட்காரும்போது மனக்கணக்கு இப்படி இருக்கலாம். சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ், தெருவுக்கு மேலே உள்ள தரை என்றால் கட்டடத்துக்கும் விலை உண்டு. தரகர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். சிமென்ட் பூசிப் பொரிந்த சுண்ணாம்புச் சுவர் என்றால், பூச்சை முழுக்க உரித்து, செங்கல் உலர ஒரு கோடையை விட்டு, மறுபடி சுண்ணாம்பே பூசும் செலவைக் கழித்துக்கொள்ளலாம். காரை காய்ந்து இறுகும் மாதங்களில் வாடகை வீட்டில் இருக்க வேண்டும் என்பதையும் அந்தச் செலவோடு சேர்க்க வேண்டும். கார்பனேட் மட்டும் ஏறிய காங்கிரீட் கூரை என்றால், கம்பி இன்னும் தடிமன் இழக்காத நிலையில் பழுதுபார்க்க முடியும். கலவையிலேயே உப்பு சேர்ந்த கூரை என்றால், ஓரிடத்தில் ஒட்டுப்போட்டால் துரு பக்கத்து இடத்துக்குத் தாவும். ஒட்டுப்போட்ட இடம் காரமாகவும் அதைச் சுற்றிய பழைய இடம் உப்பாகவும் இருப்பதால், ஒரே கம்பியில் மின்வேதி வித்தியாசம் உண்டாகி அரிப்பு வேகமாகிறது. அந்தக் கூரைக்கு மட்டும் தரகரின் வாக்கியம் சரி. மனை விலையைச் சொல்லி, இடிக்கும் கூலியையும் அதில் கழிக்கச் சொல்லுங்கள்.